பூஜ்ய வேகத்தில் ஓடுவது

பூஜ்யத்தை முதலில் கண்டுபிடித்தது எந்த நாட்டுக்காரன் என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் கண்டுபிடித்திருந்தாலும் சரி, அதை ஒழுங்காகச் செய்து முடித்தது தான்தான் என்பதில் கிம்மோ கார்யுலாவுக்குச் சந்தேகமே கிடையாது. கயானி என்ற பனிநாட்டு ஊருக்கு வடக்கே, நாற்பத்துநான்காவது வயதில், தன் சமையலறை மேசையில் அதைச் செய்து முடித்தான். மற்றவர்கள் செய்வது கிட்டத்தட்டப் பூஜ்யம், நான் செய்வது பூஜ்யம் என்று சிரிக்காமல் சொல்வான். அவன் தயாரிக்கும் பெட்டியோடு வரும் ஒற்றைத்தாள் குறிப்பின் தலையிலும் அதையே அச்சடித்திருந்தான்.

அது சோப்புக்கட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வீட்டுக் கொட்டகையில் கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சின்னச் சி.என்.சி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கானது. கணினிக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டுதான்: உண்டு, இல்லை. வேகம் வேண்டுமென்றால் 'உண்டு' என்பதை நீட்டிச் சொல்லும், குறைய வேண்டுமென்றால் குறுக்கிச் சொல்லும், நொடிக்கு ஆயிரம் தடவை. செதுக்கும் கத்தியான கட்டரைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவுக்கு இந்தத் திக்குவாய்ப் பேச்சு புரியாது. அதற்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஏதாவது ஒரு வோல்ட்டை நிதானமாகக் காட்ட வேண்டும். பத்து என்றால் நிமிடத்துக்கு இருபத்துநாலாயிரம் சுற்று. பூஜ்யம் என்றால் நிற்கும். நடுவில் உட்கார்ந்து துடிப்புகளை வாங்கி, அரைத்து, வோல்ட்டாக ஊற்றுவது கிம்மோவின் பெட்டி. அப்படி நாற்பத்துமூன்று பெட்டிகள் நாடு முழுக்க நாற்பத்துமூன்று கொட்டகைகளில் இருந்தன.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ரெய்னோவின் கொட்டகையில், அந்தப் பெட்டிகளில் ஒன்றில் மாட்டிய வோல்ட் மீட்டர் 0.03 என்று காட்டியது.

ரெய்னோ காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நவம்பர் கடைசியில், கொட்டகைக்குள்ளேயே நாலு டிகிரி குளிரில், விரல்நுனி இல்லாத கம்பளிக் கையுறையோடு கட்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது, கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டு, நின்றிருந்த ஸ்பிண்டில், ஓடியது. கம்பளியில் ஓர் இழை சிக்கினால் போதும். இழையின் பின்னால் கையுறை போகும், கையுறையின் பின்னால் கை போகும். சமையலறையில் இருந்த அவர் மனைவி ஹில்க்காவுக்கு இயந்திரம் ஓடும் இரைச்சல் நன்றாகவே கேட்டது. மனுஷர் ஏதோ வேலையில் இருக்கிறார் என்று ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்தார். மாவு உப்பி, உருட்டி, வெந்து, ஆறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் காபிக்குக் கூப்பிடப் போனார்.

"போலீஸ்காரர் விபத்துன்னு ஒத்த வார்த்தை எழுதிட்டுப் போயிட்டார்," என்று ஹில்க்கா ஃபோனில் சொல்லியிருந்தார். "எதனாலன்னு யாரும் சொல்லல கிம்மோ. அந்தப் பெட்டியில உன் பேருதான் ஒட்டியிருக்கு. பாத்துட்டு ஒரு தாள்ல எழுதிக் குடு. சனிக்கிழமை மத்தியானம் நான் வாங்கிக்கறேன்."

கிம்மோ மறுத்திருக்கலாம். மறுத்தால் தொழிற்கல்லூரி ஆசிரியர் யாராவது வந்து பார்ப்பார். பெட்டியில் தப்பு என்று அவர் எழுதினால், மீதி நாற்பத்திரண்டு கொட்டகைகளில் நாற்பத்திரண்டு பேர் இந்தப் பூஜ்யத்தை நம்பிக் கையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். இதைவிட முக்கியமாக, குறிப்புத்தாளின் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் அவனே வந்தான். முடிவு ஏற்கெனவே அவனிடம் இருந்தது. மீட்டரில் 0.00 தெரியும் ஒரு புகைப்படம்தான் பாக்கி.

வெளியே ஏற்கெனவே இருட்டி, முற்றத்துப் பனி நீலமாகக் கிடந்தது. கொட்டகைக்குள் வழக்கமாக இருக்கும் கருகிய பைன் வாசனைக்கு மேல் இன்னொரு வாசனை அப்பியிருந்தது. தரையை யாரோ பைன் சோப்புப் போட்டு, ஒருமுறையல்ல, பலமுறை தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சிமெண்டு அந்த ஓர் இடத்தில் மட்டும் வெளுத்து, பல் போல் சுத்தமாக இருந்தது. இயந்திரத்தின் மேசைப் பலகையைக் கழுவ முடியாது, மரத்தூள் அட்டை, எதையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஹில்க்கா அதைத் திருப்பிப் போட்டிருந்தார். விளிம்பில், இரண்டு பக்கமும் கலக்கும் இடத்தில், காபிக்கறை போல ஒரு பழுப்புக் கோடு ஓடியது. கிம்மோ அந்தப் பக்கம் பார்க்காமல் மீட்டரைப் பார்த்தான்.

0.03.

பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. கடிகாரக்காரன் ஸ்க்ரூ டிரைவரால் அதை முடி அளவு திருப்பினான். 0.00 ஆனது. செல்பேசியைப் பையிலிருந்து எடுத்தான். 0.03. மறுபடி திருப்பினான். மறுபடி 0.00. ஃபோனைத் தூக்கினான், 0.03. குளிரில் பாகங்கள் கொஞ்சம் அலையும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு, கணினியிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியையே பிடுங்கினான். இப்போது பெட்டிக்குள் எந்தத் துடிப்பும் வர வழியில்லை. யாரும் பேசாதபோது மொழிபெயர்ப்பாளன் சும்மா இருக்க வேண்டும்.

0.03 என்றே இருந்தது.

இருபத்துநாலாயிரம் சுற்றுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை, இதில் எந்த மோட்டாரும் அசையாது, இதற்காகப் பயப்படுகிறவன் பச்சைத் தண்ணீரைப் பார்த்தும் பயப்படுவான். இப்படி நினைத்தபடியே, ஏன் என்று தெரியாமல், தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிண்டிலின் நுனியைத் தொட்டுப் பார்த்தான். மூன்று வாரமாக ஓடாத இரும்பு. நாலு டிகிரி அறை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் குளிராக இருந்திருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஒருவர் கை குலுக்கிவிட்டுப் போன பிறகு நம் உள்ளங்கையில் மிஞ்சுமே, அவ்வளவு.

முற்றத்துக்கு அந்தப்பக்கம் சமையலறை ஜன்னலில் ஹில்க்கா நின்றிருந்தார். கையில் ஏதோ பின்னல் வேலை. அவர் ஊசிகளைப் பார்க்கவில்லை, கொட்டகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் கிம்மோ தன் குழுவின் பழைய பதிவுகளைத் தேடினான். சி.என்.சி ஆசாமிகள் எல்லோரும் கூடும் இணையக் குழு அது. கேள்வி கேட்பவர்களைக் கிம்மோ வறுத்தெடுப்பதைப் பார்க்கவே பாதிப்பேர் வருவார்கள். அவன் குறிப்புத்தாளின் நாலாவது படியிலிருந்து வந்ததுதான் ரெய்னோவின் கேள்வி. டிரைவில் 'ஓடு' என்று கட்டளை கொடுக்க ஒரு முனை உண்டு. அதற்குத் தனியாக சுவிட்ச், ரிலே என்று அல்லாடாமல், ஒரு துண்டுக் கம்பியால் நிரந்தரமாக இணைத்துவிடு என்பது நாலாவது படி. அதன் பிறகு மோட்டாருக்கு எப்போதும் 'ஓடு'தான். எவ்வளவு வேகத்தில் என்பது மட்டும்தான் பாக்கிக் கேள்வி. அதற்குப் பெட்டி பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை நிற்கும். நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். டிரைவைக் கேட்டால், பூஜ்ய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும்.

ரெய்னோ அக்டோபரில் எழுதியிருந்தார்: 'வணக்கம். என்னுடையது பூஜ்யத்தில் இருக்கும்போது சில சமயம் கால் சுற்று நகர்கிறது. கட்டர் மாற்றும்போது பவர் கார்டை இரண்டு முனையிலும் கழற்றிச் சுருட்டி என் பையில் வைத்துக்கொள்கிறேன். இது சரியா?'

கீழே கிம்மோ: 'மிகவும் சரி. சௌனா நீராவிக் குளியலுக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போங்கள், முதுகு தேய்த்துவிடும். படுக்கும்போது தலையணைக்கடியில் வைத்து ஒரு தாலாட்டு. பெரியவரே, பூஜ்யத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கையால் உளி பிடித்தால் போதும்.'

முப்பத்தேழு பேர் சிரித்திருந்தார்கள். ரெய்னோ, 'சரி. நன்றி. இனி கழற்றவில்லை' என்று எழுதியிருந்தார். கிம்மோ அந்த வரியை இரண்டு தடவை படித்தான். பிறகு குழுவின் நிர்வாகி என்ற முறையில் மொத்தப் பதிவையும் அழித்தான். அழிக்கவா என்று கணினி ஒரு தடவை கேட்டது. ஆம் என்றான்.

வியாழக்கிழமை அவன் அலைகாட்டும் கருவியை எடுத்துப் போனான். துடிப்புகளைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி அது. கணினிக் கம்பி பிடுங்கியபடியே கிடந்தது. பெட்டியில் துடிப்பு நுழையும் வாயில் கருவியின் முனையைக் கவ்வவிட்டான். திரையில் ஒரு தட்டையான பச்சைக் கோடு. மீட்டரில், இன்றைக்கு, 0.00. கிம்மோ மூன்று புகைப்படம் எடுத்தான். வேலை முடிந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகுமுன் ரெய்னோவின் ஸ்பேனர் ஒன்று மேசைப் பலகையில் கிடந்ததைப் பார்த்து, ஒழுங்காக மாட்டி வைக்கலாமென்று கையை நீட்டினான். கை ஸ்பிண்டிலுக்கு அடியில் போனபோது கண்ணோரத்தில் பச்சைக் கோடு முள்முள்ளாக எழுந்தது.

கையை எடுத்தான். கோடு படுத்துக்கொண்டது.

உள்ளே வைத்தான். முட்கள். மெலிந்தவை, சீரானவை, கம்பியே இல்லாத வாயில் வருகிறவை. எடுத்தான். தட்டை.

உடம்பே ஒரு ஆன்டெனாதான், கை நீட்டினால் சுவரிலிருக்கும் மின்சாரத்தின் முணுமுணுப்பு கம்பிக்குள் ஏறும், இது பள்ளிக்கூடப் பாடம். பள்ளிக்கூடப் பாடத்தை நிரூபிக்க அவன் கடைக்குப் போய், கிரில்லில் சுடும் தடித்த சாஸேஜ் ஐந்து வாங்கிவந்து, ஒரு ரப்பர் கையுறையில் விரலுக்கு ஒன்றாகத் திணித்து ஸ்பிண்டிலுக்கடியில் படுக்க வைத்தான். இறைச்சிக்கும் கைக்கும் மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கோடு அசையவில்லை. கால் மணி நேரம் வைத்துப் பார்த்தான். சாஸேஜைச் சட்டை செய்ய அங்கே யாரும் இல்லை.

குழுவில் அவனோடு சேர்ந்து சிரிக்கும் ஸெப்போவிடமும் இதே பெட்டி இருந்தது. கிம்மோ அவனுக்கு ஃபோன் போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டுப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பிண்டிலுக்கடியில் கையை நீட்டிக்கொண்டு மீட்டரைப் படிக்கச் சொன்னான்.

"வெச்சுட்டேன்டா. என்ன, கைரேகை பாக்கப் போறியா?"

"என்ன காட்டுது?"

"பூஜ்யம். உன் தங்கமான பூஜ்யம். எதுக்குக் கேக்கற?"

தரச் சோதனை என்றான் கிம்மோ.

"எடுத்துடட்டுமா? மூக்கு அரிக்குது."

"இன்னொரு நிமிஷம் வெச்சிரு."

அந்த ஒரு நிமிடம் முழுக்க ஸெப்போ மூச்சுவிடுவதைக் கிம்மோ காதை அழுத்தி வைத்துக் கேட்டான். ஸெப்போவின் மூச்சு மாறவில்லை. கிம்மோவுக்கு ஏமாற்றம் மாதிரி ஒன்று வந்தது. அது என்னவென்று அவன் பார்க்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

ஆகவே இந்த இயந்திரம் மட்டும். இந்தக் கை மட்டும்.

கையைக் கடைசியாக ஒருமுறை உள்ளே வைத்தான். முழங்கைவரை சட்டையை மடக்கிவிட்டு, உள்ளங்கை மேல் நோக்க, பிச்சை கேட்பது போல. முட்கள் எழுந்தன. இந்தமுறை அவன் எடுக்கவில்லை. முட்கள் தடித்தன. முள் கம்பமானது, கம்பம் கதவானது, 'உண்டு' என்ற சொல்லை யாரோ மெல்ல மெல்ல நீட்டிச் சொல்லப் பழகுகிறார்கள். மீட்டரில் 0.04. 0.09. கொட்டகையில் பைன் சோப்பு வாசனை திடீரென்று மூக்கை அடைத்தது, இப்போதுதான் யாரோ வாளியைக் கவிழ்த்தது போல. 0.15. டிரைவுக்குள் கொசு அளவுக்கு ஒரு ரீங்காரம். 0.20.

ஸ்பிண்டில் கால் சுற்றுத் திரும்பியது.

கட்டரின் ஓரம் அவன் நடுவிரல் மூட்டில் பட்டது. கீறவில்லை. குருடன் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பது போல அங்கே சற்று நின்றது.

கிம்மோ விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டாமல், காரில் ஏறினான். வீட்டில் ஐந்து சாஸேஜையும் வறுத்துக் கடுகு தடவித் தின்றான், வீணாக்கும் பழக்கமில்லை. பிறகு கணினி முன் உட்கார்ந்து தாளை எழுதினான். பெட்டி பரிசோதிக்கப்பட்டது. வெளியீடு 0.00. படங்கள் மூன்று இணைப்பில். விபத்துக்குக் காரணம், சுழலும் இயந்திரத்தின் அருகில் அணியக்கூடாத, வீட்டில் பின்னப்பட்ட கம்பளிக் கையுறை.

'வீட்டில் பின்னப்பட்ட' என்பதை ஒருமுறை அழித்தான். பிறகு, ஆராய்ச்சிக் குறிப்பு என்றால் துல்லியம் வேண்டும் என்று திரும்பச் சேர்த்தான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று ஹில்க்கா சொல்லியிருந்தார். அவன் பதினொன்றுக்கே கொட்டகைக்குள் இருந்தான். அடிவானத்தில் சூரியன் ஆரஞ்சுத் தோல் போல ஒரு துண்டு தெரிந்தது. அது ஒன்றரை மணிவரை அப்படியே உருண்டுவிட்டுப் போய்விடும். கிம்மோ டிரைவின் பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கினான். டிரைவின் முனையிலிருந்தும் பிடுங்கினான். ஒரு மீட்டர் நீளக் கார்டு. சுருட்டினால் கோட்டின் இடதுபக்கப் பையில் அடங்கியது. டிரைவுக்குள் மின்தேக்கிகள் சில நிமிடம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் டிரைவின் சிவப்பு விளக்கு மங்கி, சாம்பலாகி, முழுதாகச் சாகும்வரை இருபது நிமிடம் நின்று பார்த்தான். அதற்குமேல் இன்னொரு இருபது நிமிடமும் நின்றான். பெட்டிக்கு மட்டும் தனி அடாப்டர் உண்டு, அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பார்ப்பவர்களுக்கு அது போதும். டிரைவின் முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். மீட்டர் 0.00 காட்டிய ஒரு தருணத்தில், எண்ணை அப்படியே உறைய வைக்கும் பொத்தானை அழுத்தினான்.

இதையெல்லாம் ஏன் செய்தாய் என்று கேட்டால், சும்மா ஒரு ஒழுங்குக்கு என்று சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

ஹில்க்கா ஒரு தட்டில் இரண்டு கோப்பையும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவந்து, வெளுத்த சிமெண்டின் மேல் கால் வைக்காமல் சுற்றி வந்தார். தாளை நின்றபடியே படித்தார். மெதுவாக, உதடு அசைய, இரண்டாம் பக்கத்துப் படங்கள்வரை.

"அப்ப பெட்டி மேல தப்பில்ல."

"இல்லைங்க."

"கையுறைதான்."

கம்பளி எப்போதுமே ஆபத்து என்றும், பெரிய தொழிற்சாலைகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்றும் கிம்மோ விளக்கினான். உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்று, ஆறுதலாக, சேர்த்தும் சொன்னான்.

"ஆலையில நானும் பதினேழு வருசம் இருந்தேன் கிம்மோ," என்றார் ஹில்க்கா. "சுத்தற உருளைகிட்ட கையுறை போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நின்னுட்டிருந்துது. அதனாலதான் போட்டார்."

நின்றுகொண்டுதான் இருந்திருக்கும், பிறகு கை எங்காவது பட்டிருக்கும், விசைப்பலகையில் முழங்கை இடித்திருக்கும் என்றான் கிம்மோ. வயதானவர் இல்லையா.

ஹில்க்கா தலையாட்டினார். தாளை நாலாக மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கையுறையை எடுத்தார். விரல்நுனி இல்லாதது. புதியது. வலது கை.

"இந்த மூணு வாரத்துல பின்னினேன். அதே நூல்கண்டுதான். போட்டுக்கோ."

"எதுக்குங்க?"

"பூஜ்யம்னு எழுதியிருக்க. எனக்குப் படம் பாத்துப் புரியாது. அவர் வெச்ச எடத்துல கையை வெச்சுக் காட்டு. நான் எதையும் தொடமாட்டேன். இங்கயே நிக்கறேன்."

மறுக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் மடித்த தாள் பொய்யாகிவிடும். கிம்மோ கொஞ்சம் தயங்குவது போல நடித்தான், நன்றாகவே நடித்தான். இடது கை கோட்டுப் பைக்குள் போய்க் கார்டின் சுருளைத் தொட்டது. இருக்கிறது. அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டான். இறுக்கமாக, அளவெடுத்தது போலச் சேர்ந்தது. ஸ்பிண்டிலுக்கடியில் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பினான்.

மீட்டரில் 0.00.

"பூஜ்யம்," என்றான்.

ஹில்க்கா மீட்டரைப் பார்த்தார். ஸ்பிண்டிலைப் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் காபி ஊற்றத் திரும்பிக்கொண்டார். ஆவி எழுந்தது. முற்றத்துப் பனியில் எங்கோ ஒரு காக்கை கரைந்தது. நல்ல வெளிச்சம். சனிக்கிழமை மத்தியானம்.

கையுறையின் நடுவிலிருந்து ஓர் இழை எழுந்தது.

காற்று இல்லை. முடி அளவு மெல்லிய சாம்பல் இழை, ஒரு புழு தலை தூக்குவது போலத் தூக்கி, இடமும் வலமும் தேடி, கட்டரின் மேல் சாய்ந்தது.

ஸ்பிண்டில் கால் சுற்றுத் திரும்பியது. இழை அதோடு திரும்பியது.

அரைச் சுற்று.

டிரைவில் விளக்கு இல்லை. பலகைக்குப் பின்னால் இருட்டு. ரீங்காரம்கூட இல்லை. சத்தமே இல்லாமல், கடிகார முள் போல, ஒரு சுற்று. இழை ஒரு வளையம் போட்டது. கையை இழுத்தான். இழை அறுபட வேண்டும். கம்பளி இழை, குழந்தை இழுத்தால் அறும். அறவில்லை. மாறாக மணிக்கட்டில் கையுறையின் வாய் இறுகியது. ஒரு சுருக்கு போல.

இரண்டாம் சுற்று.

"பூஜ்யம்தானே?" என்றார் ஹில்க்கா, முதுகைக் காட்டியபடி.

இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். அவர் மேசையிலிருந்த கத்தரியை எடுத்து இழையை வெட்டிவிடுவார். அதற்கப்புறம் பையிலிருந்து தாளை எடுப்பார். நாற்பத்திரண்டு கொட்டகைகளிலும் நாற்பத்திரண்டு பேர். தலைப்பு.

"பூஜ்யம்தான்," என்றான் கிம்மோ.

குரல் ஆடவில்லை. அதில் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"சரி," என்றார் ஹில்க்கா. கோப்பையை அவனுக்கு எட்டாத இடத்தில் வைத்தார். இப்போதுதான் முதல்முறையாக அவன் கையைப் பார்த்தார். கட்டரில் ஏறியிருந்த சாம்பல் வளையங்களையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "நான் போய் மாவு பிசையறேன். அப்படியே வெச்சிரு."

கதவு சாத்திக்கொண்டது. பனியில் செருப்புச் சத்தம் போனது. சமையலறைக் கதவு திறந்து மூடியது.

மூன்றாம் சுற்று. நாலாவது கொஞ்சம் சீக்கிரம்.

கத்தினான். ஸ்பிண்டில் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தது போல முதன்முதலாகக் குரல் கொடுத்தது. தாழ்ந்த, சீரான, வேலை நடக்கிற இரைச்சல். அவன் குரல் அதற்குள் போய்விட்டது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஹில்க்கா சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார்.

மீட்டரில் 0.00.

ஏழு. எட்டு. கையுறை விரல்விரலாகப் பிரிந்து மேலே ஏறியது. நடுவிரல் மூட்டு கட்டரைத் தொட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். இடது கையைப் பைக்குள் ஆழமாக விட்டு, பிளக்கின் முட்களைக் கட்டைவிரலால் தடவி எண்ணினான்.

ஒன்று. இரண்டு. இரண்டும் பைக்குள்தான் இருந்தன.